பாதி பழுத்த பேரீச்சை

அரபு நாட்டு அல் அயின் தோட்டத்தில் பேரீச்சைப் பாளைகள் வெடிக்கத் தொடங்கிவிட்டால் அழகுமலைக்குச் சாப்பாடு நினைவிருக்காது. முதலில் ஆண் மரத்தில் ஏறுவான். அது காய்க்காது. ஆனால் அதன் பூங்கொத்தைத் தொட்டால் கையெல்லாம் வெள்ளை மாவு உதிரும். அதை அறுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, பெண் மரங்களில் ஒவ்வொன்றாக ஏறி, விரிந்த பாளையின் நடுவே இரண்டு மூன்று சரங்களைத் தலைகீழாக வைத்து, ஓலைக் கிழிசலால் தளர்வாகக் கட்டுவான். காற்றையும் வண்டையும் நம்பினால் குலை நிறையாது. மனிதக் கை பட்டால்தான் அந்த மண்ணில் பேரீச்சைக்குக் கல்யாணம்.

"தோட்டத்துல உள்ள பொண்ணுக்கெல்லாம் மாப்பிள்ளை பார்த்து முடிச்சு வைக்கிற. உன் கல்யாணம் எப்பண்ணே?" என்று கீழே நின்று கத்துவான் சேதுராமன். தோட்டத்துப் பிக்கப் வண்டியை ஓட்டுகிறவன். அழகுமலையின் அறைத் தோழனும் அவன்தான்.

"முதல்ல இதுக கரையேறட்டும்டா" என்று மேலிருந்து பதில் வரும்.

கேட்டவர்கள் சிரிப்பார்கள். அழகுமலையும் சிரிப்பான். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் இருந்ததை மரங்கள் மட்டும் அறியும்.

இளையான்குடிப் பக்கத்துக்காரன். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது தங்கை பானுப்பிரியா பால் பல் விழாத சிறுமி. அவளைச் சித்தி வீட்டில் விட்டுவிட்டு விமானம் ஏறியவன், அவளுக்கு ஒரு வாழ்க்கை அமையும்வரை தன் வாழ்க்கையைத் தள்ளி வைத்தான். அமைந்தபோது தலையில் நரை தட்டியிருந்தது. அதன்பிறகு யாரும் பெண் பார்க்கவில்லை, அவனும் கேட்கவில்லை.

அந்தக் கல்யாணத்துக்கும் அவன் போகவில்லை. அதுதான் பெரிய காயம்.

லீவு கிடைத்திருந்தது. பெட்டியும் கட்டியாகிவிட்டது. புறப்பட வேண்டிய வாரத்தில், அவனோடு மரமேறும் ராஜிக் என்ற பங்களாதேஷ்காரன் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டான். பாளைகளோ ஒன்றன்பின் ஒன்றாக வெடித்துக்கொண்டிருந்தன. விரிந்த பூ சில நாளைக்குமேல் காத்திருக்காது. தோட்டத்துக்காரர் மக்தூம், "நீ போ அழகு. இந்த வருஷம் குலை குறைந்தால் குறையட்டும்" என்றுதான் சொன்னார். அவனால் போக முடியவில்லை. தங்கைக்குச் சித்தப்பா இருக்கிறார், சித்தி இருக்கிறாள். இந்த மரங்களுக்கு அந்த வாரம் அவனைத் தவிர யாருமில்லை.

தாலி ஏறியபோது அழகுமலை ஒரு மரத்தின் கொண்டையில் இருந்தான். இடுப்புக் கயிற்றில் சாய்ந்துகொண்டு, போனை மட்டை இடுக்கில் செருகி வைத்து வீடியோவில் பார்த்தான். கெட்டிமேளச் சத்தம் விட்டுவிட்டு வந்தது. அட்சதை தூவக் கையை உயர்த்தினான். கையில் அட்சதையா இருந்தது? ஆண் பூவின் வெள்ளை மாவு. அதையே காற்றில் தூவினான்.

மாப்பிள்ளை வீட்டில் இதை ஏற்றுக்கொள்ளாத ஒருத்தி இருந்தாள். மாப்பிள்ளை அருள்முருகனின் அக்கா ஜோதிமணி. கூடப் பிறந்தவன் வந்து நிற்காதது அவளுக்கு மரியாதைக் குறைவாகப் பட்டுவிட்டது. "தங்கச்சியை விட மரம் பெருசாப் போச்சு அந்தாளுக்கு" என்று பந்தியிலேயே சொன்னவள்.

பின்னர் காலம் கொஞ்சம் கருணை காட்டியது. துபாயின் சத்வாவில் அரபிகளின் நீள அங்கி தைக்கும் கடை ஒன்றில் கட்டிங் மாஸ்டராக இருந்த அருள்முருகன், பானுப்பிரியாவைத் துபாய்க்கே அழைத்துக்கொண்டான். கடலுக்கு அந்தப் பக்கம் இருந்த தங்கை, ஒரு பஸ் தூரத்துக்கு வந்துவிட்டாள். வெள்ளிக்கிழமைதோறும் அழகுமலை சத்வாவுக்குப் போய் அவள் கையால் மீன்குழம்பு சாப்பிட்டுவிட்டு வந்தான்.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமைதான் அவள் சோற்றைப் பிசைந்தபடி தலை குனிந்து சொன்னாள்: "அண்ணே, நீ மாமனாகப் போற."

அழகுமலை கையில் எடுத்த உருண்டையைத் தட்டிலேயே வைத்துவிட்டான்.

"பிள்ளைக்குச் சேனை நீதாண்ணே வைக்கணும். அவர்கிட்ட இப்பவே சொல்லிட்டேன்."

பிறந்த குழந்தையின் நாக்கில் முதல் இனிப்பைத் தொட்டு வைப்பதைத்தான் அவர்கள் பக்கம் சேனை என்பார்கள். சீனித்தண்ணியோ தேனோ, அதைப் பெரிதாகப் பார்க்க மாட்டார்கள். வைக்கிற கை யாருடையது என்பதில்தான் எல்லாம். வைத்தவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்பது நம்பிக்கை. அதனாலேயே இந்த ஒரு துளி இனிப்புக்காகக் குடும்பங்கள் முகம் திருப்பிக்கொண்டதுண்டு.

அழகுமலை இந்த வழக்கத்தை இந்த ஊரிலும் பார்த்திருக்கிறான். மக்தூமுக்கு மகன் பிறந்தபோது வீட்டிலிருந்து அவசரமாகப் பழம் கேட்டு ஆள் வந்தது. தட்டை ஏந்திக்கொண்டு போனவன் வாசலில் நின்று பார்த்தான். குடும்பத்தில் எல்லாரும் மதிக்கும் பெரியவர் ஒருவர் பேரீச்சம்பழத்தை மெத்தென்று ஆக்கி, விரல் நுனியில் எடுத்து, உதடு பிரித்த அந்தச் சிசுவின் அண்ணத்தில் மெதுவாகத் தடவி துஆ ஓதினார். குழந்தை சப்புக்கொட்டியது. அட, நம்ம ஊர்ச் சேனை! அழகுமலைக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. மொழி வேறு, சாமி வேறு. ஒரு சிசுவை இந்த உலகத்துக்கு வா என்று அழைக்கிற விதம் மட்டும் எப்படி ஒன்றாக இருக்கிறது!

அன்றே முடிவு செய்திருந்தான். தனக்கென்று ஒரு பிள்ளை வந்தால் அதன் நாக்குக்குத் தன் மரத்துப் பழம். அப்படியொரு பிள்ளை வராமலே போய்விட்டது. இப்போது தங்கை வயிற்றில் வருகிறது.

வைகாசி பிறந்ததிலிருந்து தண்ணீர் வாய்க்கால் ஓரத்து நகால் மரத்தைத் தினமும் அண்ணாந்து பார்த்தான். நகால்தான் எல்லா ரகத்துக்கும் முந்திப் பழுப்பது. பச்சைக் காய் மஞ்சளாகி, மஞ்சள் நுனியில் இளகத் தொடங்கும். பாதி மஞ்சள், பாதி பழுப்புத் தேன். அந்தப் பருவத்தை அரபிகள் ருதப் என்பார்கள். வருஷத்தின் முதல் ருதப் கடைக்குப் போகாது. சொந்தக்காரர் வீட்டுக்கும் அண்டை வீட்டுக்கும் மனதுக்கு வேண்டியவர்களுக்கும்தான் போகும். அந்த நாலு பழத்துக்காக வருஷம் முழுக்கக் காத்திருக்கிறவர்கள் உண்டு.

இதற்கிடையில் ஜோதிமணி பரமக்குடியிலிருந்து விசிட் விசாவில் வந்து இறங்கினாள், தம்பி மனைவியின் பிரசவம் பார்க்க. வந்த வாரத்தில் அழகுமலை தங்கைக்குப் போன் செய்தான். போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு பானுப்பிரியா எதையோ எடுக்கப் போயிருந்தாள். ஜோதிமணிக்கு அது தெரியவில்லை. தம்பியிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"நான் அத்தைக்காரி வந்து நிக்கயில சேனை வைக்க அந்தாளா? அவரு குணம் வந்தா பிள்ளை வெளங்கிரும்! கல்யாணம் காச்சி இல்லாம மரத்து மேலதான் ஏறி உக்காந்திருக்கும். கூடப் பிறந்தவ கல்யாணத்துக்கே எட்டிப் பாக்காத கல்லு மனசுடா. அந்தக் கல்லைக் கொண்டாந்து பச்சப் பிள்ளை நாக்குல வைக்கப் போறியா?"

"அக்கா, மெதுவா..."

அழகுமலை போனை வைத்துவிட்டான். மரத்தடியில் உட்கார்ந்து தன் இரண்டு கைகளையும் பார்த்தான். மட்டை முள் ஏறிக் கறுத்த தழும்புகள், கயிறு உராய்ந்து மரத்துப்போன உள்ளங்கை. கல்லுதானே? அவள் சொன்னதில் பொய் என்ன இருக்கிறது என்று நினைத்துக்கொண்டான். அப்படி நினைத்ததுதான் நெஞ்சை அறுத்தது.

அருள்முருகனின் போன் வந்த அன்று நகால் மரத்தில் முதல் பழம் இளகியிருந்தது.

"மச்சான், பொட்டப்பிள்ளை! ஆபரேஷன்தான், ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. பானு ஒரே பிடிவாதமா இருக்கா. பால் குடுத்தாச்சு. ஆனா சேனை மட்டும் அண்ணன் வந்துதான்னு நிக்கிறா. கிளம்பி வாங்க."

அழகுமலை இடுப்புக் கயிற்றை மாட்டினான். மேலே போய், பாதி பழுத்த பழங்களாகப் பார்த்து, ஒவ்வொன்றாகக் கிள்ளி, பூவை வைப்பது போலக் கூடையில் வைத்துக்கொண்டு இறங்கினான். மக்தூம் வந்துகொண்டிருந்தார். முதல் பழம் அவருடையது. அழகுமலை கூடையை நீட்டி விஷயத்தைச் சொன்னான். அவர் ஒன்றே ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். கண்ணை மூடி மென்றார். பிறகு கூடையை அவன் நெஞ்சோடு தள்ளி வாழ்த்தினார்.

"மப்ரூக்! இந்த வருஷம் முதல் ருதப் உன் வீட்டுக்குத்தான். யல்லா, யல்லா, வண்டியை எடுக்கச் சொல்லு!"

சேதுராமன் வண்டியைப் பறக்கவிட்டான். அழகுமலை பழங்களை ஒரு டப்பாவில் மாற்றி மடியில் வைத்துக்கொண்டான். பழம் கொண்டுபோவது தன் கடமை. சேனை வைப்பது ஜோதிமணியின் கையாகவே இருக்கட்டும். பிள்ளைக்குக் கல்மனது வேண்டாம். வழிநெடுக இதைத் தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். சொல்லச் சொல்லக் கண் நிறைந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

சத்வா வீட்டில் ஜோதிமணி ஆஸ்பத்திரிக்குச் சோறு கட்டிக்கொண்டிருந்தாள். டப்பாவை இரண்டு கையாலும் அவளிடம் நீட்டினான்.

"மதினி, இது எங்க தோட்டத்து முதல் பழம். சேனைக்கு இதை வைங்க. நீங்களே வைங்க. பானுகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

ஜோதிமணி அவனை ஒரு மாதிரி பார்த்தாள். இதை அவள் எதிர்பார்க்கவில்லை. "வச்சிட்டுப் போங்க. கழுவி எடுத்துட்டு வர்றேன்" என்றாள்.

ஆஸ்பத்திரியில் அருள்முருகன் கட்டிலருகே நிற்க, பானுப்பிரியா வெளுத்துப் போய்ச் சிரித்தாள். பக்கத்தில் ஒரு சின்னத் துணிப் பொட்டலம். அதற்குள்ளே மூடிய இமைகளும், இறுக்கிய இரண்டு முஷ்டிகளும். அழகுமலை தூரத்தில் நின்றே பார்த்தான்.

"கிட்ட வாண்ணே. உன் மருமக கடிக்க மாட்டா."

"இருக்கட்டும்த்தா. மதினி வரட்டும். அவங்கதான் சேனை வைக்கணும். அதுதான் முறை."

"எந்த முறை?" என்றாள் பானு. அவள் முகம் மாறியது. "அன்னைக்கு ஸ்பீக்கர்ல கேட்டுட்டியா நீ?"

அவன் தன் கைகளைக் குனிந்து பார்த்தான். அவள் கண்ணில் நீர் முட்டியது. அதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு ஜோதிமணி வந்துவிட்டாள். டிபன் கேரியரை வைத்தாள், புடவைத் தலைப்பைச் செருகினாள், ஒரு கிண்ணத்தை எடுத்து மேசையில் வைத்தாள்.

"தோட்டத்துலயே கிடக்குறவரு, பார்த்துப் பொறுக்க மாட்டாரா? அத்தனையும் நுனி அழுகல். உக்காந்து ஒவ்வொண்ணா வெட்டி, அழுகுனதைப் பூராம் குப்பையில போட்டுட்டு, நல்ல பாகத்தை மட்டும் கழுவிக் கொண்டாந்திருக்கேன்."

கிண்ணத்தில் மஞ்சள் துண்டுகள். கடினமாக, பளபளவென்று, கொட்டைப்பாக்கை நறுக்கியது போல. தேனாக இளகிய பாதியெல்லாம் சத்வாவின் குப்பைத் தொட்டியில்.

அழகுமலையோடு உள்ளே வந்திருந்த சேதுராமன்தான் முதலில் வாய் திறந்தான்.

"அய்யோ அக்கா! அழுகல் இல்ல அது! அதுதான் பழமே! அந்தப் பாதிக்காகத்தான் இந்த ஊரே வருஷம் பூரா காத்துக் கிடக்குது. நீங்க வச்சிருக்கிறது காய். தோட்டத்துக்காரரே ஒண்ணே ஒண்ணுதான் தின்னுட்டு மிச்சத்தைக் குடுத்துவிட்டாரு!"

ஜோதிமணியின் முகம் வெளிறிப்போனது. பேரீச்சம்பழம் என்றால் கடையில் பாக்கெட்டில் கறுப்பாக ஒட்டிக்கொண்டிருப்பது, அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். பாதி மஞ்சளும் பாதி பழுப்புமாக இருந்தால் மாம்பழத்தில் அது அழுகல், கொய்யாவில் அது அழுகல். இதில் மட்டும் வேறு என்று யார் சொன்னார்கள் அவளுக்கு?

"உன்னை யாருக்கா வெட்டச் சொன்னா?" அருள்முருகன் கத்தினான். "வாங்குனதை வாங்குன மாதிரி வைக்கத் தெரியாதா? எதுலயும் குத்தம் கண்டுபிடிச்சே..."

"தெரியாம..." என்று தொடங்கிய ஜோதிமணி கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அவள் அழகுமலையின் முகத்தைப் பார்த்தாள். அடுத்த இடி அங்கிருந்துதான் விழும் என்று காத்திருந்தாள்.

அழகுமலை சிரித்தான். வாய்விட்டு, தோள் குலுங்கச் சிரித்தான்.

"மாப்ள, அவங்களை வையாதீங்க. மதினி, நீங்க ஒரு டப்பாதான் போட்டீங்க. நான் இங்க வந்த முதல் வருஷம் ஒரு கூடையையே ஆட்டுக்குக் கொட்டுனேன். நுனி அழுகிருச்சேன்னு! அப்புறம் மஞ்சக் காயா பார்த்துப் பறிச்சு, அழகா அடுக்கி, மக்தூம் முன்னாடி கொண்டுபோயி வச்சேன். அவரு என்னைப் பார்க்குறாரு, ஆட்டைப் பார்க்குறாரு. ஆடு நாக்கைச் சுழட்டிச் சுழட்டி நக்குது. அந்த வருஷம் முதல் ருதப் தின்ன ஒரே ஆளு அந்த ஆடுதான்."

பானுப்பிரியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அய்யோ, தையல் இழுக்குதுண்ணே, சிரிக்க வைக்காத!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

ஜோதிமணி சிரிக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தாள். புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள். வீட்டில் ஒரு டம்ளர் கைதவறி விழுந்தாலும் இடி விழுகிற குடித்தனம் அவளுடையது. தவறு செய்தவளைப் பார்த்து ஒரு ஆண்பிள்ளை சிரித்ததை, அதுவும் அவளுக்காகப் பரிந்து பேசியதை அவள் கண்டதே இல்லை.

"கொழுந்தனாரே" என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "உங்களைக் கல்லுன்னு சொன்னேன். பிள்ளைக்கு உங்க குணம் வரக்கூடாதுன்னு இந்த வாயாலதான் சொன்னேன்."

"கேட்டுச்சு மதினி. விடுங்க."

"கேட்டுட்டுமா டப்பாவை எங்கிட்டக் கொண்டாந்து நீட்டுனீங்க?" அவள் குரல் உடைந்தது. "நானா இருந்தா அந்த டப்பாவாலேயே மண்டையில அடிச்சிருப்பேன். எனக்கு எங்க அத்தை சேனை வச்சாளாம். இந்த வாயி அவ வாயிதான். இத்தோட இது போகட்டும். பிள்ளைக்கு வேணாம். எந்திரிங்க. நீங்கதான் வைக்கணும்."

அழகுமலை ஒரு அடி பின்வாங்கினான். கைகளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். "இந்தக் கையாலயா? முள்ளுக் கை மதினி. பிள்ளை நாக்கு கிழிஞ்சிரும்."

"அண்ணே" என்றாள் பானுப்பிரியா. "எங்க கல்யாணத்தன்னைக்கு எல்லாரும் மேடையைப் பார்த்தாங்க. நான் சித்தி கையில இருந்த போனைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன். அம்புட்டு உயரத்துல ஒரு கை மேல எந்திரிச்சுது. அட்சதை போடுதுன்னு எனக்குத் தெரிஞ்சுது. அந்தக் கைதான் வேணும் எனக்கு."

அழகுமலை முகத்தை மூடிக்கொண்டு அழுதான். இத்தனை வருஷமாக யார் முன்னாலும் அழாத மனிதன், ஒரு ஆஸ்பத்திரிக் கட்டிலின் கால்மாட்டில் நின்று சிறுபிள்ளை போல அழுதான். ஜோதிமணி எழுந்து அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் குழாயைத் திறந்துவிட்டு, "நல்லா சோப்புப் போட்டுக் கழுவுங்க" என்றாள்.

கையைக் கழுவியாயிற்று. வைப்பதற்கு என்ன இருக்கிறது?

எல்லாரும் கிண்ணத்தைப் பார்த்தார்கள். அழகுமலை மஞ்சள் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் திருப்பினான். ஜோதிமணி கெட்டிக்காரி, கத்தி ஒரு இடத்திலும் தப்பவில்லை. கடைசித் துண்டுகளில் ஒன்றில் மட்டும், வெட்டுக் கொஞ்சம் சாய்ந்து, ஓரத்தில் நூல் மாதிரி ஒரு பழுப்பு. அவன் அதை விரலால் அழுத்தினான். தேன் போல இளகி, நுனியில் ஒட்டிக்கொண்டது.

"இம்புட்டுத்தானா?" என்று கலங்கிப்போய்க் கேட்டாள் ஜோதிமணி.

"அவ வாய்க்கு இம்புட்டே அதிகம்."

வாசலில் நின்ற மலையாளத்து நர்ஸ், "தொட்டா மதி கேட்டோ, கூடுதல் வேண்டா" என்று, தொட்டால் போதும் என எச்சரித்துவிட்டு, பார்க்காதது போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அழகுமலை குனிந்தான். பிள்ளையின் கீழுதட்டை மெல்லத் தொட்டான். வாய் திறந்தது. ரோஜா இதழ் அகலம்கூட இல்லாத நாக்கில் அந்தப் பழுப்பு நூலைத் தடவினான்.

குழந்தையின் நெற்றி சுருங்கியது. இது என்ன, இப்படியும் ஒன்று உண்டா என்று யோசிப்பது போல இருந்தது. பிறகு உதடுகள் குவிந்து, மாமனின் கரடுமுரடான விரலைக் கவ்விச் சப்பத் தொடங்கின. அவன் விரலை எடுக்கப் பார்த்தான். அவள் விடவில்லை.

ஜோதிமணி கன்னத்தைத் துடைத்துக்கொண்டு, அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"புடிச்சா விடுறாளா பாரு! இது உங்க குணம் இல்ல கொழுந்தனாரே, இது எங்க வீட்டுது" என்றாள்.

"ஆமா மதினி" என்றான் அழகுமலை, விரலை அப்படியே விட்டுவிட்டு.